பழைய ஸ்போர்ட்ஸ் காடிக்கு டயர் வாங்கப் போகிறவர்களுக்கு

என் எம்ஜிபி ஜிடி 1973-இல் செய்யப்பட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி. (எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்போம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் ஊறுகாய்க் காடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதை வாங்கிய முதல் வாரத்திலேயே, ஆர்வக்கோளாறில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு டயர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பழைய டயரின் பக்கவாட்டில் '165 எஸ்ஆர் 14' என்று எழுதியிருந்தது. கடையில் இருந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய் நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "அதே அளவு அண்ணே, நல்ல கெட்டி டயர், சீக்கிரம் தேயாது" என்றார். விலையும் மலிவு. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம் வீடு வரைகூட நிற்கவில்லை. சாலையில் இருந்த ஒவ்வொரு சாக்கடை மூடியும் முதுகுத்தண்டில் வந்து இடித்தது. அடுத்த ஞாயிறு பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதையில், லேசான தூறலில், ஒரு வளைவில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவியது. தடுப்புக் கம்பிக்கும் காடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். வீட்டுக்கு வந்து டயரைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தேன்: 165 ஆர்14சி. கடைசியில் நின்ற அந்தச் 'சி' சரக்கு வேன் டயரின் அடையாளம். முழுச் சுமையோடு நாள் முழுக்க ஓடுவதற்காகச் சுவர் தடித்துச் செய்த டயர். ஆளும் சாமானும் சேர்த்தே ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டுகிற என் காடியின் கீழே அது வளைந்து கொடுக்கவே இல்லை. வளையாத டயர் சாலையைப் பிடிப்பதில்லை.

கடைத் தம்பியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அளவு கேட்டேன், அளவு கொடுத்தார். என்ன கேட்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். (எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்போம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் ஊறுகாய்க் காடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தொடங்கும் முன் ஒரு கணக்கு. தினமும் ஃபாக்டரி வேலைக்குப் பாயான் லெப்பாஸ் போய்வரும் மைவி போன்ற அன்றாடக் காடியின் டயர் தேய்ந்து சாகும். நம்முடையது வயதாகிச் சாகும். நான் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிது. 45,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரை வாங்கினால் அது தேய்ந்து முடிக்க 15 வருடம் ஆகும். அதற்குள் ரப்பர் கல்லாகிவிடும். ஆகவே 'சீக்கிரம் தேயாது' என்ற வார்த்தைக்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது ஈரத்தில் பிடிக்கிற, மிருதுவான, புதிதாகச் செய்யப்பட்ட ரப்பர். இனி வரும் படிகளில் எங்காவது குழப்பம் வந்தால் இந்தக் கணக்குக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் படி: இப்போது மாட்டியிருக்கும் டயரின் வயதைப் பாருங்கள்

பக்கவாட்டில் 'டாட்' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தும், அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட குறியீடும் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழுக் குறியீடும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது வழக்கம். வெளிப்பக்கம் தெரியவில்லையென்றால் காடிக்குக் கீழே படுத்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு இலக்கத்துக்குப் பதில் மூன்றுதான் இருக்கிறதா? அப்படியானால் அந்த டயர் 2000-க்கு முன் செய்தது. அதன் மேல் கடை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள், லோரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இது மிகைப்படுத்தல் இல்லை. பல வருடம் கொட்டகையில் கிடந்து விற்பனைக்கு வரும் காடிகளில் பூ (டயரின் மேல் உள்ள வெட்டுக் கோலம்) அழியாத, பார்க்கப் புதுசு போன்ற இருபத்தைந்து வயது டயர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஐந்து வயதைத் தாண்டினால் வருடம் ஒருமுறை கழற்றி முழுசாகச் சோதிக்க வேண்டும், பத்து வயதில் எப்படியிருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. நம் வெயிலில் நான் ஆறேழு வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓடாத டயர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ரப்பருக்குள் ஒருவகை மெழுகும், ஓசோனைத் தடுக்கும் இரசாயனமும் கலந்திருக்கும். டயர் உருண்டு வளைய வளைய அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு காப்புப் படலமாகப் படியும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்தக் கசிவு குறைவு. காற்றில் இருக்கும் ஓசோனும் வெயிலும் நேரே ரப்பரைத் தின்னும், மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். பக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் தெரியும். பளபளப்புக்காக எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் பூசுகிறவர்கள் அந்தப் படலத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். டயர் லேசாகப் பழுப்பேறி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது அழுக்கில்லை, மருந்து.

பூ ஆழத்துக்குச் சட்டம் சொல்லும் அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் பூவோடு சமமாகிவிட்டால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழையில் 1.6-ஐ நம்பி நான் வெளியே போகமாட்டேன். 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவேன்.

இரண்டாம் படி: தொழிற்சாலை கொடுத்த அளவு எது?

மாட்டியிருக்கும் டயரின் அளவை நம்பாதீர்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் கைமாறிய காடியில், முந்தைய உரிமையாளர் யாரோ ஒருவருக்கு எது கிடைத்ததோ அதுதான் இருக்கும். காடியின் கையேட்டில் பாருங்கள். கையேடு இல்லையென்றால் அந்த மாடலின் பட்டறைப் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள்.

பழைய எழுத்துமுறைதான் புதியவர்களைத் திணறடிப்பது. இன்றைய '185/60 ஆர்14' எளிது: அகலம் 185 மில்லிமீட்டர், சுவர் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரேடியல், 14 அங்குல ரிம். '165 எஸ்ஆர் 14' என்பதில் நடு எண்ணைக் காணோமே? அந்தக் காலத்தில் சுவர் உயரம் ஏறக்குறைய 80 முதல் 82 சதவீதம்தான், அதனால் தனியாக எழுதும் வழக்கம் இல்லை. 'எஸ்' என்பது வேகக் குறி. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, எச் 210, வி என்றால் இன்றைய கணக்கில் 240. '5.60-14' என்று புள்ளி வைத்த எண் இருந்தால் காடி கிராஸ்பிளை காலத்தது, 5.60 என்பது அங்குலத்தில் அகலம்.

கிராஸ்பிளை பற்றி ஒரு பத்தி போதும். உள்ளிருக்கும் நார் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்வாகப் பின்னியிருந்தால் கிராஸ்பிளை, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடி மேலே ஒரு பெல்ட் கட்டியிருந்தால் ரேடியல். மிச்செலின் 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ரேடியல்தான் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கண்காட்சிக்காக அச்சு அசலாக வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் ரேடியல் போடுங்கள். இரண்டையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று பிரித்துப் போட்டாலும் வளைவில் பின்பக்கம் முந்திக்கொள்ளும்.

மூன்றாம் படி: ரிம்மைப் பாருங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போய்விடும் இடம் இது. டயர் உட்காரும் விளிம்புக்கு உள்பக்கமாகப் புதிய ரிம்களில் ஒரு சின்ன மேடு இருக்கும். வேகமான வளைவில் காற்றுக் குறைந்தாலும் டயரின் விளிம்பு உள்ளே சரிந்துவிடாமல் அது தடுக்கும். 1960களின் பல ரிம்களில் அந்த மேடு கிடையாது. அதில் டியூப் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. ஸ்போக் ரிம்மென்றால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு ஸ்போக்கும் ஓர் ஓட்டை, டியூப் கட்டாயம் வேண்டும்.

டியூப் போடும்போது இரண்டு விஷயம். ரேடியலுக்குரிய, சரியான அளவு டியூப்பாக இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் உள்ளே மடிந்து, மடிந்த இடம் அறுந்துவிடும். அப்புறம், டயருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் காகித லேபிளைப் பிய்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த லேபிளின் ஓரம் மாதக்கணக்கில் உரசியே டியூப்பை ஓட்டை போடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரே சக்கரம் மூன்று முறை பஞ்சரானது. ஆணியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மூன்றாம் முறைதான் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள்.

ரிம்மின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். விளிம்பின் உள்பக்கத்திலிருந்து எதிர் விளிம்பின் உள்பக்கம் வரை, அங்குலத்தில். பழைய ஸ்போர்ட்ஸ் காடிகளில் நான்கு, நாலரை, ஐந்து அங்குலம்தான் இருக்கும். நான்கரை அங்குல ரிம்மில் 165 அழகாக உட்காரும். அதே ரிம்மில் 195-ஐத் திணித்தால் டயர் பலூன் மாதிரி பிதுங்கி, பூவின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். அகல டயர் போட்டும் பிடிமானம் குறைந்தது எப்படி என்று பிறகு மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதுதான்.

நான்காம் படி: அளவை முடிவு செய்யுங்கள்

பெரிய சண்டைகள் நடப்பது இங்கேதான். ஞாயிறு காலை ரொட்டி சானாய் கடையில் நான்கு பழைய காடிக்காரர்கள் உட்கார்ந்தால் ஐந்து கருத்து வரும்.

என் கருத்து: தொழிற்சாலை அளவிலேயே கிடைத்தால் அதையே போடுங்கள். அந்தக் காடியை வடிவமைத்தவர்கள் உயரமான, வளைந்து கொடுக்கும் சுவருள்ள டயரை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சஸ்பென்ஷனைச் செய்தார்கள். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். பவர் ஸ்டீயரிங் இல்லாத காடியில் டயரை அகலப்படுத்தினால், வண்டி நிறுத்தத் திருப்பும்போது தோள்பட்டை கழன்றுவிடும். கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் முளை), சக்கர பேரிங், ஸ்போக் எல்லாவற்றுக்கும் கூடுதல் சுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒல்லியான உயரமான டயர் பிடியை விடும்போது முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் விடும். மெல்ல நெளியும், கிறீச்சிடும், கை ஸ்டீயரிங்கில் உணரும். பழைய காடி ஓட்டுவதன் ருசியே அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையிலும், மற்றவை சமமாக இருந்தால், ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். அகல டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும்.

ஆனால் அந்த அளவு எப்போதும் கிடைப்பதில்லையே. அப்போது பக்கத்து அளவைத் தேடும்போது சுற்றளவு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு எளிது. 14 அங்குல ரிம் 356 மில்லிமீட்டர். அதோடு சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 165 ஆர்14-க்குச் சுவர் 135, மொத்த விட்டம் 626. 185/70 ஆர்14-க்குச் சுவர் 129.5, விட்டம் 615. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, தாராளமாகப் போடலாம், ரிம் அகலம் இடம் கொடுத்தால். 175/70 ஆர்14 என்றால் 601, நான்கு சதவீதம் குறைவு. பரவாயில்லை ரகம். எல்லாக் கடையிலும் சுலபமாகக் கிடைக்கும் 185/60 ஆர்14 என்றால் 578. கிட்டத்தட்ட எட்டு சதவீதம் குறைந்துவிட்டது. காடி தரையோடு ஒட்டி நிற்கும், சக்கரத்துக்கு மேலே பெரிய ஓட்டை தெரியும். வேகமானி 110 காட்டும்போது நிஜத்தில் 101-தான் போய்க்கொண்டிருப்பீர்கள். நெடுஞ்சாலையில் ஏற்கெனவே கத்தும் என் எஞ்சின் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு இன்னும் முந்நூறு சுற்று கூடுதலாகக் கத்தும். ஈப்போ வரை அதைக் கேட்டுக்கொண்டு போக முடியாது.

இதே 185/60 ஆர்14, 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குத் தொழிற்சாலை அளவு. அந்தக் காடி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை. டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்களுக்கு 175 அகலமுள்ள முழு உயர டயர்தான் அசல் அளவு. 195/70 ஆர்14 விட்டத்தில் அதற்குக் கிட்டே வருவதால் பலர் அதைப் போடுகிறார்கள்.

கடையில் முடிவு செய்யும் முன் ஒரு டயரை மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கேயும் உரசவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு பேரை உட்கார வைத்தும் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: என்ன வகை ரப்பர்?

மூன்று வழி இருக்கிறது.

பழைய அச்சிலேயே, ஆனால் இன்றைய ரப்பரில், மிச்செலினும் பைரெல்லியும் இன்னும் சில கம்பெனிகளும் பழைய காடிகளுக்கென்றே டயர் செய்கின்றன. மிச்செலின் எக்ஸ்ஏஎஸ், பைரெல்லி சிந்துராத்தோ போன்ற பெயர்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து வருபவை. தோற்றம், சுவரின் வளைவு, நடத்தை எல்லாம் அந்தக் காலம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கப்பல் கூலியும் வரியும் சேர்த்தால் கடையில் வாங்கும் சாதாரண டயரைப் போலப் பல மடங்கு ஆகும். என் காடிக்கு இப்போது அதுதான் போட்டிருக்கிறேன். வருடக் கணக்கில் வகுத்துப் பார்த்துத்தான் மனைவியிடம் சொன்னேன். மொத்தத் தொகையைச் சொல்லவில்லை.

இரண்டாவது, அக்கம்பக்கக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பயணிகள் காடி டயர். புரோட்டான் சாகாவும் வீராவும் தெருவெங்கும் ஓடிய காலத்தில் 175/70 ஆர்13 மூலைக்கு மூலை கிடைத்தது, இன்றும் தேடினால் கிடைக்கும். 13 அங்குல ரிம் வைத்த பழைய ஜப்பான் கூபேகளுக்குப் பல சமயம் அது ஒத்துவரும். நல்ல கம்பெனியின், ஈரப் பிடிமானம் நன்றாக உள்ள மாடலாகப் பாருங்கள். 'எண்ணெய் மிச்சம்', 'நீண்ட உழைப்பு' என்று விளம்பரப்படுத்துவது நமக்கு வேண்டாம். பக்கச் சுவரில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கலாம். அது ஏற ஏற, உழைப்பு கூடுதல் என்று கணக்கு. பெரும்பாலும் பிடிமானம் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். ஒரே விலையில் இரண்டு இருந்தால் எண் குறைந்ததை எடுங்கள்.

மூன்றாவது, ரேஸ் பூ போட்ட பாதி வழுக்கை டயர். வேண்டாம். செபாங் சர்க்யூட்டில் ஒருநாள் ஓட்டுவதற்கு அது அருமை. சூடேறினால்தான் பிடிக்கும், தேங்கிய தண்ணீரைக் கண்டால் கைவிட்டுவிடும். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் பூலாவ் போகும் பாதையில், மரநிழலில் மத்தியானம் வரை காயாத தாரும் அழுகிய இலையும் இருக்கும். டுரியான் பழக் காலத்தில் வளைவு திரும்பியதும் சாலையோரம் பத்து காடி நிற்கும். அங்கே தேவை நிற்கக்கூடிய டயர்.

வேகக் குறி கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது. சுமை எண்ணும் அப்படியே. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 86 என்றால் 530. இலேசான ஸ்போர்ட்ஸ் காடிகளுக்கு இதில் சிக்கல் வருவது அபூர்வம். கடைசியில் 'சி' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்காக.

ஆறாம் படி: வாங்கும் இடத்தில்

காசு கொடுக்கும் முன் நான்கு டயரின் தேதியையும் நீங்களே படியுங்கள். அதிகம் விற்காத அளவு என்பதால் கடைப் பரணில் மூன்று நான்கு வருடம் கிடந்தது வரலாம். ஒரு வயதுக்குள் இருந்தால் நல்லது. இரண்டைத் தாண்டினால் நான் வேறு கடை பார்ப்பேன், அல்லது விலையைக் குறைக்கச் சொல்வேன். வெட்கப்படாதீர்கள். பாசாரில் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்காமலா வாங்குகிறோம்?

சுவரில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அனைத்துலகச் சோதனையில் தேறியதன் அடையாளம் அது. எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைச் சொல்லும், மலேசியாவின் எண் 52. இந்த அடையாளம் இல்லாமல் கண்காட்சிக்கென்று மட்டும் விற்கும் டயர்களும் உண்டு, இணையத்தில் வாங்குகிறவர்கள் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காடிகளை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஜப்பான் ரிம்மோடு சேர்ந்து வரும் செகண்ட்ஹேண்ட் டயர்கள் ஆசை காட்டும். ரிம்மை வாங்குங்கள், சில சமயம் பொக்கிஷமே கிடைக்கும். டயரைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான்கையும் ஒரே சமயத்தில், ஒரே மாடலில் மாற்றுங்கள். உபரி டயரையும் மறக்க வேண்டாம். பூட்டில் (பின்பக்கச் சாமான் பெட்டியில்) கிடப்பது பெரும்பாலும் காடியிலேயே வயதான டயராக இருக்கும்.

ஏழாம் படி: மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

கடைப் பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் பழைய காடியைத் தினமும் தொடுவதில்லை. ஜாக்கியை எங்கே வைப்பது என்று நீங்கள் காட்டுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் தகடு உள்ளே துருப்பிடித்திருந்தால், இந்தத் தீவின் உப்புக் காற்றில் அது அதிசயமில்லை, ஜாக்கி நேரே உள்ளே போய்விடும். அச்சுக்குக் கீழேயோ, சேசிஸின் கெட்டியான இடத்திலோ வைக்கச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரே பெரிய காது வைத்த நட்டால் பூட்டும் ஸ்போக் சக்கரம் என்றால், சாதாரண பேலன்ஸ் இயந்திரத்தின் கூம்பு அதன் நடுவில் சரியாக உட்காராது. சக்கரம் சரியாகவே இருக்கும், இயந்திரம் தப்பு காட்டும், அவர்கள் ஈயத்தை ஒட்டிக்கொண்டே போவார்கள். பொருத்தமான அடாப்டர் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சாதாரண நட்டு என்றால் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். கையால் முறுக்கி, கடைசியில் இறுக்க அளவு காட்டும் டார்க் ஸ்பேனர். எந்த வகையானாலும் முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை நீங்களே இறுக்கம் பாருங்கள்.

அலைன்மெண்ட் பார்ப்பதற்கு முன் கிங்பின்னில் கிரீஸ் அடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று பட்டறையில் பார்த்துவிடுங்கள். தேய்ந்த மூட்டில் அலைன்மெண்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

எட்டாம் படி: காற்று

கடையில் எல்லாக் காடிக்கும் 32 அல்லது 33 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவது பழக்கம். நம் காடிக்கு அது அதிகம். என் கையேட்டில் இருப்பது முன்னால் 21, பின்னால் 24. இன்றைய டயருக்கு அவ்வளவு குறைவாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. 25, 27-இல் தொடங்கி, ஒரே பாதையில் ஒவ்வொரு பிஎஸ்ஐயாக ஏற்றி இறக்கிப் பார்த்து, 24, 26-இல் நிறுத்தினேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் குறைவு என்று கையேட்டில் இருப்பதை மட்டும் மாற்றாமல் காப்பாற்றுங்கள். காடியின் குணமே அதில் அடங்கியிருக்கிறது.

எண்ணெய் நிலையத்து மெஷின் கிலோபாஸ்கலில் காட்டினால் திகைக்காதீர்கள், ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். 26 என்றால் 180-க்குப் பக்கம். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், பிடியுங்கள். வெயிலில் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் போய் இறங்கிப் பார்த்தால் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்துபோய் நிற்கும்.

புது டயரில் அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுவழுப்பு ஒட்டியிருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள், மழையில் இன்னும் பொறுமையாக. ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதை எங்கேயும் ஓடிவிடாது.

நிறுத்தி வைப்பது பற்றி: மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு சுற்று ஓட்டுங்கள். ரப்பர் வளையும், மெழுகு கசியும், பேட்டரியும் உயிரோடு இருக்கும். வெளியூர் போகிறீர்கள் என்றால் காற்றைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுப் போங்கள். வெல்டிங்கும் மோட்டாரும் ஓடும் பட்டறைக்குள் நிறுத்தாதீர்கள். அந்தத் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும்.

என் தாத்தா சுங்கைப் பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மழை வந்து பால் கெட்டுவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே மரம் மரமாகப் போனவர். டயர் வாங்கிய கதையை அம்மாவிடம் சொன்னபோது அவர் விலையைக் கேட்டார். சொன்னேன். "ஒரு டயருக்கா, நாலுக்குமா?" என்றார். ஒன்றுக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தாவுக்கு ஒரு கிலோவுக்கு என்ன குடுத்தான் தெரியுமா?" என்று தொடங்கி, சாப்பாடு ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தார்.